நுவான் மேல் ஊற்றிய தண்ணீர்

தெற்கு இஸ்ரேல்
புத்த ஆண்டு 2541, பிப்ரவரி 22

அன்பு அக்கா பிரனோமுக்கு, தம்பி தவின் இங்கிருந்தே கைகூப்பி எழுதுவது.

நான் நன்றாக இருக்கிறேன். சாப்பாட்டுக்குக் குறைவில்லை, வேலையும் பழகிவிட்டது. நீயும் மாடுகளும் எப்படி இருக்கிறீர்கள் என்று எழுதத்தான் உனக்கு மனம் வரவில்லை. ஏழு மாதத்தில் நான் போட்டது ஐந்து கடிதம். நீ போட்டது ஒன்று. அதுவும் வீட்டு வரி ரசீதை எங்கே வைத்தாய் என்று கேட்டு. ரசீது கிடைத்ததா என்றாவது ஒரு வரி எழுதியிருக்கலாம்.

உன் கோபம் எனக்குத் தெரியாததில்லை. போன சோங்க்ரான் புத்தாண்டுக்கு முந்தின வாரம் உன்னைக் கேட்காமல் பழுப்பு மாடு மூன்றையும் கொடுத்துவிட்டு அந்தக் கறுப்பு வெள்ளை மாடு நுவானை ஓட்டிக்கொண்டு வந்தேன். "தம்பி, இது குளிர் தேசத்து ரத்தம். நம்ம வெயிலுக்கு ஒரு ஏப்ரல் தாங்காது" என்று நீ சொன்னாய். நான் பதிலுக்கு என்ன சொன்னேன் என்று உனக்கு நினைவிருக்கும், எனக்கும் இருக்கிறது. "திமில் மாட்டைக் கட்டிக்கிட்டு நீ இப்படியே எட்டு கிலோ பால் ஊத்திக்கிட்டுக் கெட" என்றேன். அந்தப் புத்தாண்டுக்குத்தான் முதல் தடவையாக உன் கைகளில் தண்ணீர் ஊற்றி மன்னிப்புக் கேட்காமல் இருந்தேன். பக்கத்து வீட்டு சமாய் கிண்ணமும் மல்லிகையும் எடுத்து வைத்துக்கொண்டு கூப்பிடக் கூப்பிட மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டேன். அது இன்னும் உறுத்துகிறது அக்கா.

நம் ஊரைவிடக் கொளுத்தும் தேசத்தில் கறுப்பு வெள்ளை மாடுகள் முப்பது கிலோ கறக்கின்றன என்றால் அதில் ஏதோ வித்தை இருக்க வேண்டும். அதைக் கற்றுக்கொண்டு வரத்தானே வந்தேன். பண்ணையில் முந்நூறு மாடு நிற்கிறது. கறப்பதற்கு முன்னால் எல்லாவற்றையும் ஒரு முற்றத்தில் நிறுத்தி, மேலே குழாயிலிருந்து மழை மாதிரி தண்ணீர் விடுகிறார்கள். ஒன்றுகூட நாக்கைத் தொங்கப் போடாது. திரும்பி வந்து நம் கொட்டகையிலும் அதைச் செய்து காட்டுவேன்.

படம் ஒன்று வைத்திருக்கிறேன். என் பக்கத்தில் நிற்பது இங்கே அதிகம் கறக்கும் மாடு. பார்த்தாவது கோபம் ஆறட்டும்.

உன் தம்பி
தவின்

*

மௌக்லெக், சரபுரி
மார்ச் 12

தவின்,

ரசீது கிடைத்தது. வரி ரசீதை அரிசிப் பானைக்கு அடியில் வைக்கிறவன் உலகத்தில் நீ ஒருவன்தான். அதில் பாதியை எறும்பு தின்றிருந்தது.

படம் பார்த்தேன். மெலிந்திருக்கிறாய். முகம் கறுத்தது போகட்டும், விரலெல்லாம் ஏன் இப்படிக் கறுத்துக் கிடக்கிறது? உன் முதலாளியிடம் நல்ல சோப்பு கேட்டு வாங்கு. மாடு அழகாக இருக்கிறது. சமாயிடம் காட்டினேன். அவள் மாட்டைத்தான் பார்த்தாள், உன்னைப் பார்க்கவில்லை.

நுவான் ஜனவரியில் கன்று போட்டாள். பெண் கன்று. காது இரண்டும் பழுப்பு. ஏன் என்று கேட்பாய். நீ கோபித்துக்கொண்டு திரிந்த அந்த நாட்களில் ஊசி போடுகிறவர் வந்தார். திமில் இனத்து விந்தையே போடுங்கள் என்று நான்தான் சொன்னேன். உன் மாடு, உன்னைக் கேட்காமல் செய்தேன். கணக்கு சரியாகிவிட்டது என்று அன்று நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை.

நுவான் பத்தொன்பது கிலோ கறந்தாள். நீ சொன்னது பொய்யில்லை. பால் நிலையத்தில் கேனைத் திறந்ததும் என்னை ஒரு மாதிரி மரியாதையாகப் பார்த்தார்கள். ஆனால் பிப்ரவரி கடைசியிலிருந்தே வெயில் பிடித்துக்கொண்டது. இந்த வருஷம் மழை வரும் என்று யாரும் சொல்லவில்லை. அவள் தீனியை முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்கிறாள். படுப்பதே இல்லை. தொட்டிப் பக்கமே நின்றுகொண்டு நாக்கைத் தொங்கப் போட்டு மூச்சு வாங்குகிறாள். நேற்று பதினொரு கிலோதான். மற்ற ஏழும் சமாளித்துக்கொள்கின்றன. மேற்கு வெயில் உள்ளே அடிக்கிறதே என்று கறுப்பு நிழல்வலை வாங்கி நான்கு பக்கமும் தரை வரைக்கும் இழுத்துக் கட்டிவிட்டேன். நிழல் இருக்கிறது, ஆனாலும் மூச்சிரைப்பு அடங்கவில்லை.

அந்த முற்றத்தில் சரியாக என்ன செய்கிறார்கள் என்று எழுது. உன்னிடம் ஒன்று கேட்டு நான் கடிதம் எழுதுகிறேன் என்றால் நிலைமை என்ன என்று புரிந்துகொள்.

பிரனோம்

*

தெற்கு இஸ்ரேல்
ஏப்ரல் 1

அன்பு அக்காவுக்கு,

உன் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். நான் நன்றாக இருக்கிறேன். விரலைப் பற்றிக் கவலைப்படாதே, இங்கே இயந்திர எண்ணெய் அப்படி ஒட்டிக்கொள்ளும்.

பழுப்புக் காது விஷயத்தில் எனக்குக் கோபமில்லை. நேராகச் சொன்னால் கொஞ்சம் வந்தது, பிறகு போய்விட்டது. கன்றுக்குப் பெயர் வைக்காமல் இரு, நான் வந்து வைக்கிறேன்.

இப்போது வித்தையைச் சொல்கிறேன். வேறு ஒருவரிடமும் கேட்டு உறுதி செய்துகொண்டேன். மாட்டை நன்றாக நனைக்க வேண்டும். சும்மா தெளித்தால் போதாது, கழுத்திலிருந்து வால் வரைக்கும் தோல் ஊறும்படி. ஒரு நாளைக்கு ஏழு எட்டுத் தடவை. காலையில் வெயில் ஏறுவதற்கு முன்னாலேயே ஆரம்பித்துவிடு. மதியம் இரண்டு மடங்காக ஊற்று. நம் குழாய்த் தண்ணீர் போதும், வேறு மந்திரம் ஒன்றுமில்லை. வலையைப் பிரித்துவிடாதே. நிழல் மிக முக்கியம், நீ செய்தது சரிதான்.

இந்தக் கடிதம் சோங்க்ரானுக்கு முன்னால் வந்துவிடும் என்று நினைக்கிறேன். வந்தால் எனக்காக ஒன்று செய். அன்று நுவான் மேல் ஊற்றும் முதல் கிண்ணம் நான் ஊற்றியதாக இருக்கட்டும். அவளுக்கு மூச்சிரைப்பு அடங்கினால், போன வருஷம் உன் கையில் ஊற்றாமல் போனதற்கு அதை ஈடாக வைத்துக்கொள். மீதியை வந்து நேரில் ஊற்றுகிறேன்.

பதில் போடு அக்கா. எத்தனை கிலோ கறக்கிறாள் என்று எழுது.

உன் தம்பி
தவின்

*

மௌக்லெக்
ஏப்ரல் 21

தவின்,

உன் கடிதம் பதினொன்றாம் தேதி வந்தது. மறுநாள் காலையிலிருந்தே நீ எழுதியபடி செய்தேன். குழாயை இழுத்து வைத்துக்கொண்டு ஏழு தடவை. முதல் நாள் நுவான் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். ஊற்றும்போது அவளுக்குச் சுகமாக இருந்தது. எனக்கும் இருந்தது. தம்பி உருப்படியாக ஒன்று கற்றுக்கொண்டான் என்று சமாயிடம் வாய் விட்டுச் சொன்னேன்.

பதிமூன்றாம் தேதி கோயிலுக்குப் போய்விட்டு வந்ததும் சமாயும் தெருப் பெண்களும் கிண்ணத்தோடு கொட்டகைக்கே வந்துவிட்டார்கள். நுவானின் நெற்றியில் வெள்ளைச் சுண்ணச் சாந்து பூசினார்கள், முதுகில் மல்லிகைத் தண்ணீர் ஊற்றினார்கள். முதல் கிண்ணத்தை நான் ஊற்றினேன், உன் பெயரைச் சொல்லித்தான். அன்று வானம் மூடிக் கிடந்தது, ஒரு இலை அசையவில்லை. கொட்டகைத் தரையெல்லாம் தண்ணீர் தேங்கி, உள்ளே நின்றால் என் ரவிக்கையே காயவில்லை. சாயங்காலம் அவள் கழுத்தை நீட்டிக்கொண்டு நுரை தள்ளினாள். போதவில்லை போலிருக்கிறது என்று இன்னும் ஊற்றினேன். உன் கடிதத்தை எடுத்து வைத்துப் படித்துப் பார்த்துத்தான் ஊற்றினேன்.

பதினாலாம் தேதி மதியம் முன்னங்கால் மடங்கியது. எழுந்திருக்கவில்லை.

விடுமுறை என்றும் பார்க்காமல் மாட்டு டாக்டர் வந்தார். வலையைத் தூக்கி உள்ளே தலையை விட்டார், உடனே வெளியே எடுத்தார். "அக்கா, இது கொட்டாய் இல்ல, ஒட்டரிசி அவிக்கிற கூடை. மேல இருக்கிற ஈரம் காயணும், அப்பத்தான் உள்ள இருக்கிற சூடு போகும். காத்தே இல்லாம தண்ணிய மட்டும் ஊத்தினா எங்கேர்ந்து காயும்? யாரு சொன்னா உங்களுக்கு?" என்று கேட்டார்.

"யாரும் சொல்லல. நானாத்தான் செஞ்சேன்" என்றேன்.

அவரே கத்தியை எடுத்து வலைக் கயிறுகளை அறுத்துத் தள்ளினார். வீட்டுக்குள்ளிருந்த மின்விசிறியைக் கொண்டுவந்து அவள் முகத்துக்கு நேரே வைத்தோம். மற்ற ஏழையும் வெளியே மரத்தடிக்கு ஓட்டினோம். உடம்புச் சூடு நாற்பத்திரண்டுக்கு மேல் இருந்தது. மூன்று மணி வரைக்கும் மூச்சு இருந்தது. நெற்றிச் சாந்துகூட அழியவில்லை.

சோளக் கொல்லை ஓரத்தில் இயந்திரம் வைத்துக் குழி தோண்டிப் புதைத்தோம். கன்று பிழைத்துக்கொண்டது. இன்னொரு மாட்டின் பாலை ஊட்டுகிறேன். மாடுகளில் இரண்டுக்குப் பால் வற்றிவிட்டது, உயிருக்குப் பயமில்லை.

எத்தனை கிலோ கறக்கிறாள் என்று எழுதச் சொன்னாய். அதனால் எழுதுகிறேன். ஒன்றே ஒன்று உன்னைக் கேட்க வேண்டும். உங்கள் பண்ணையில் காற்றுக்கு என்ன செய்கிறார்கள்? அதை எழுத மறந்துவிட்டாயா?

பிரனோம்

*

தெற்கு இஸ்ரேல்
மே 6

அக்கா,

நான் எந்தப் பண்ணையிலும் இல்லை. ஒரு நாள்கூட இருந்ததில்லை.

விமான நிலையத்தில் ஆள் பிடிக்கிறவர்கள் வேலைத் தாளை மாற்றிக் கொடுத்து ஒரு வண்டியில் ஏற்றினார்கள். விடிந்தபோது தக்காளித் தோட்டத்து வாசலில் நின்றேன். மேலேயும் பக்கத்திலும் பிளாஸ்டிக் போர்த்திய நீளமான வீடுகள், அதற்குள் தக்காளி. அன்றிலிருந்து அதைத்தான் பறிக்கிறேன். குளிர்ச்சி வித்தை கற்றுக்கொண்டு வருகிறேன் என்று உன்னிடம் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிவிட்டு வந்தவன், தக்காளி பறிக்கிறேன் என்று எந்தக் கையால் எழுதுவேன்? முதல் கடிதத்தில் பண்ணை என்று எழுதிவிட்டேன். பிறகு ஒவ்வொரு கடிதத்திலும் அந்தப் பண்ணைக்கு மாடு சேர்த்துக்கொண்டே போனேன்.

பண்ணை என்று ஒன்று இருப்பது நிஜம். சாலைக்கு எதிர்ப்பக்கம். அங்கே நம் நாட்டுச் சையபூமிக்காரன் கம்பான் வேலை செய்கிறான். சனிக்கிழமைகளில் சேர்ந்து மீன் பொரித்துச் சாப்பிடுவோம். படம் எடுத்தது அவன்தான். உன் மார்ச் கடிதம் வந்ததும் அவனிடம் ஓடினேன். கறவைக்குப் போகிற அவசரத்தில் காலணியை மாட்டிக்கொண்டே, "தண்ணிய நல்லா ஊற அடிப்பாங்க, ஏழு எட்டு வாட்டி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். இன்னும் கேட்டிருக்க வேண்டும். ஊரில் எட்டு மாடு வைத்திருக்கிறேன் என்று அவனிடமும் பெருமை அடித்திருந்தேன். இதுகூடத் தெரியாதா என்று நினைப்பானோ, வேலை நேரத்தில் தொல்லை கொடுக்கிறான் என்று நினைப்பானோ என்று நம் ஊர்த் தயக்கம் வந்து வாயைக் கட்டிவிட்டது. கேட்ட அரை வரியை வைத்துக்கொண்டு உனக்கு ஒரு பக்கம் எழுதினேன். வலையைப் பிரிக்காதே என்று எழுதினேனே, அதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. உன்னைப் பாராட்ட வேண்டும் என்று நானாகச் சேர்த்தது.

உன் கடிதம் வந்த அன்றே கம்பானோடு அந்த முற்றத்துக்குப் போனேன். என்னைவிட உயரமான விசிறிகள், வரிசையாக. அரை நிமிஷம் தண்ணீர், ஐந்து நிமிஷம் காற்று. மறுபடி தண்ணீர், மறுபடி காற்று. "அண்ணே, தண்ணி சும்மா நனைக்கத்தான். குளுத்துறது காத்து. மாடு வச்சிருந்தவரு, இது தெரியாதா?" என்றான். போன கோடை முழுக்க அந்த இரைச்சல் சாலைக்கு இந்தப் பக்கம் கேட்டுக்கொண்டே இருந்தது. தண்ணீர் மோட்டார் என்று நினைத்திருந்தேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நான் வேலை செய்யும் இடத்தில் மதியம் இரண்டு மணிக்கு உள்ளே நின்றால் சட்டை உடம்போடு ஒட்டிக்கொள்ளும். வியர்வை காயாது. உள்ளே காற்று நுழைய வழியில்லை. போன ஆகஸ்டில் செடி வரிசைக்கு நடுவில் விழுந்துவிட்டேன். இரண்டு பேர் வாசல் வரைக்கும் இழுத்துக்கொண்டு போனார்கள். வெளிக்காற்று முகத்தில் பட்டதும் எழுந்து உட்கார்ந்தேன். அவ்வளவுதான், வேறு மருந்து கொடுக்கவில்லை. என் உடம்புக்கே இப்படி நடந்திருந்தும், நுவானுக்கு எழுதும்போது அது எனக்குத் தோன்றவில்லை அக்கா. அதை நினைத்தால் தூக்கம் வரவில்லை. அவள் நுரை தள்ளியதைப் பற்றி நீ எழுதிய இடத்தை என்னால் இரண்டாவது தடவை படிக்க முடியவில்லை.

டாக்டரிடம் நீயாகச் செய்தாய் என்று சொன்னாயே, அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம்.

நேற்றுச் சாயங்காலம் டீ குடிக்கும் குவளையில் தண்ணீர் எடுத்துக்கொண்டு வெளியே போய் மணலில் ஊற்றினேன், உன் கை அங்கே இருப்பதாக வைத்துக்கொண்டு. இங்கே எல்லாம் உடனே காய்ந்துவிடுகிறது. நீ ஒரு வார்த்தை எழுதினால் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு அடுத்த விமானத்தில் வந்துவிடுவேன். மன்னித்துவிடு.

தவின்

*

மௌக்லெக்
மே 20

தம்பி,

நீ தக்காளித் தோட்டத்தில் இருப்பது எனக்கு மார்ச்சிலேயே தெரியும்.

அப்பா தக்காளி போட்ட வருஷம் உனக்கு ஒன்பது வயது. நம் இருவர் விரலும் பச்சையும் கறுப்புமாக இப்படித்தான் கிடந்தன. எலுமிச்சை போட்டுத் தேய்த்தும் ஒரு மாதம் போகவில்லை. கறக்கிறவன் கை அப்படி இருக்காது. அப்புறம் அந்த மாடு. நீ அதன் முதுகில் கையை வைத்துக்கொண்டு நிற்கிறாய், அது படம் எடுக்கிறவனையே பார்த்துக்கொண்டிருக்கிறது. தீனி போடுகிறவன் யார் என்று மாட்டுக்குத் தெரியும்.

தெரிந்தும் ஏன் கேட்கவில்லை என்று நீ கேட்க வேண்டும். நானே என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். உன் முகம் சுருங்கக் கூடாது என்று சோப்பைப் பற்றி எழுதினேன். யாரிடமோ கேட்டுத்தான் சொல்கிறான் என்று உன் ஏப்ரல் கடிதத்திலேயே புரிந்தது. "நீ கண்ணால் பாத்தியாடா?" என்று ஒரு வரி எழுதிக் கேட்டிருக்கலாம். பதில் வரும் வரைக்கும் காத்திருக்கலாம். அதுகூட வேண்டாம், டாக்டர் வீடு நான்கு கிலோமீட்டர்தான். அவரிடம் போகவில்லை. நீ சொன்னதே பலித்துவிட வேண்டும் என்று ஆசைப்பட்டேன். ஒரு தடவையாவது உன் பேச்சு ஜெயித்தால் நீ தலை நிமிர்ந்து வீட்டுக்கு வருவாய் என்று நினைத்தேன். நீ கூச்சப்பட்டாய், நான் பதிலுக்கு மரியாதை பார்த்தேன். நடுவில் நின்றது அவள். டாக்டரிடம் நான் சொன்னது பொய்யில்லை.

இப்போது கொட்டகையில் வலை கிடையாது. கூரைக்குக் கீழே மூன்று பக்கமும் திறந்து கிடக்கிறது, இரண்டு விசிறி ஓடுகிறது. தீனியை விடியும் முன்னால் ஒரு தடவை, பொழுது சாய்ந்து ஒரு தடவை என்று மாற்றிவிட்டேன். ஏழும் படுத்து அசைபோடுகின்றன. போன வாரம் முதல் மழையும் பெய்தது. நுவான் நின்ற இடத்தில் வேறு மாட்டைக் கட்டவில்லை. பழுப்புக் காதுக்காரி வெயிலில் துள்ளிக்கொண்டு திரிகிறாள். பெயர் இன்னும் வைக்கவில்லை.

மன்னித்தேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். மூன்று நாளாக எழுத வரவில்லை. தண்ணீரை மணலில் ஊற்றாதே. ஒப்பந்தம் முடிந்து வா, கிண்ணத்தை எடு, அப்போது என் கை நீளுகிறதா என்று இருவரும் பார்ப்போம். முறித்துக்கொண்டு வரச் சொல்லி நான் எழுத மாட்டேன்.

நுவானைவிட வேறொன்றுதான் இப்போது என்னைப் படுத்துகிறது. உன் பழைய கடிதங்களையெல்லாம் எடுத்து வைத்துப் படித்தேன். ஏழிலும் "நான் நன்றாக இருக்கிறேன்" என்று இருக்கிறது. போன ஆகஸ்ட் கடிதத்திலும் இருக்கிறது, சாப்பாட்டுக்குக் குறைவில்லை, வேலை பழகிவிட்டது என்று. நீ விழுந்தது அந்த மாதம்தான். இனி நீ அந்த வரியை எழுதினால் நான் என்ன செய்வேன் தவின்? எதை நம்பிக்கொண்டு இங்கே சாப்பிட்டுத் தூங்குவேன்?

அதனால் எனக்கு மாட்டைப் பற்றி எழுதாதே. நன்றாக இருக்கிறேன் என்றும் எழுதாதே. இங்கே வெயில் முடிந்துவிட்டது, உனக்கு இனிமேல்தான் ஆரம்பம். அந்தப் பிளாஸ்டிக் வீட்டின் பக்கங்களைச் சுருட்டிவிட முடியுமா, இரண்டு மணிக்கு உன்னை வெளியே விடுகிறார்களா, உள்ளே காற்று வருகிறதா, இதை மட்டும் எழுது. யாரிடமும் கேட்டு எழுதாதே. போய் நின்று, உன் மேலே படுகிறதா என்று பார்த்துவிட்டு எழுது.

உன் அக்கா